பேட்டரி செத்தது கத்திரியில், நமக்குத் தெரிந்தது கார்த்திகையில்



நீளமான பதிவு. முப்பத்து நாலு வருஷம் நாற்பத்தைந்து நிமிஷ பீரியடில் பேசிப் பழகியவன் நான், சுருக்கி எழுத வராது. பொறுமை இல்லாதவர்கள் கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வந்துவிடுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. 2025 ஜனவரியில் சியாச்சின் பனிமலையில் ராணுவமும் ஜியோவும் சேர்ந்து 5ஜி கோபுரம் வைத்த செய்தி. மைனஸ் நாற்பது டிகிரி குளிருக்குப் போகிற இடம். ‘பெருமைப்படுவோம்’ என்று ஆளாளுக்குக் கை கூப்பியிருந்தீர்கள். நானும் பெருமைப்பட்டேன். பட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: “சியாச்சினில் நிற்கிற சிக்னல், போன கார்த்திகையில் கெடாரில் ஏன் நாலு மணி நேரம்கூட நிற்கவில்லை?”

குருகிராமில் தொலைத்தொடர்புத் துறையில் பெரிய வேலையில் இருக்கும் நம் மாப்பிள்ளை உடனே பதில் போட்டார். “மாமா, அது வேற. ஃபெஞ்சல் இயற்கைப் பேரிடர். ஒரு வருஷ மழையில பாதி ரெண்டு நாள்ல கொட்டினா எந்த டவர் நிக்கும்?”

பத்துப் பேர் அதற்கு விரல் தூக்கியிருந்தீர்கள். அந்தப் பத்துப் பேருக்காகத்தான் இந்தப் பதிவு. மாப்ளே, கோபித்துக்கொள்ளாதீர்கள். பரீட்சைத் தாளில் தவறான விடையைப் பார்த்தால் சிவப்புப் பேனா தானாக எழுந்துவிடும் வயசு எனக்கு.

முதலில் நடந்தது.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை ராத்திரி புயல் புதுச்சேரி பக்கம் கரை ஏறியது. ஏறிவிட்டுப் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர். பிறகு மழை நம் பக்கம் நகர்ந்தது. அந்த இரண்டு நாளில் கெடார் மழைமானிக்குள் விழுந்தது நாற்பது சென்டிமீட்டருக்கும் மேல். வருஷம் முழுக்க நூறு சென்டிமீட்டர் சுமாருக்குப் பெய்கிற மாவட்டம் இது. மாப்பிள்ளை சொன்னதில் அந்தப் பாதி சரி.

மீதிப் பாதிக்கு வருகிறேன். எங்கள் தெருவில் கரண்டு போனது சனிக்கிழமை இரவு பத்தரைக்கு. செல்போனில் சிக்னல் போனது இரண்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது. தூக்கம் வராமல் டார்ச் வெளிச்சத்தில் டைரியில் குறித்து வைத்திருக்கிறேன். மூன்று மணி இருபது நிமிஷம். அதற்குப் பிறகு வீட்டில் இருந்த மூன்று போன், மூன்று கம்பெனி சிம், மூன்றும் செங்கல்.

ஞாயிற்றுக்கிழமை காலை மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். டவர் நின்றுகொண்டுதான் இருந்தது. ஒரு கம்பி வளையவில்லை. ஒரு ஆன்டெனா விழவில்லை. அடியில் இருக்கும் பெட்டிக்குத் தண்ணீர் எட்டவும் இல்லை, மேடான இடம். உச்சியில் எரியும் சிவப்பு விளக்கு மட்டும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், இந்தப் பதிவு முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது. புயல் அந்த டவரைத் தொடவே இல்லை.

என் தங்கை வீடு தென்பெண்ணைக் கரையோரம், திருவெண்ணெய்நல்லூர் பக்கம். டிசம்பர் 2, திங்கட்கிழமை அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து 1.68 லட்சம் கனஅடி திறந்தார்கள். அணைத் தண்ணீர் அங்கிருந்து ஆற்று வழியாக நம் மாவட்டத்துக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். அந்தச் சில மணி நேரம்தான் ஒரு குடும்பம் சாமானைத் தூக்கிப் பரணில் வைக்கிற நேரம், மாட்டை அவிழ்த்து மேட்டுக்கு ஓட்டுகிற நேரம். சிங்கப்பூரில் இருக்கும் அவள் மகள் செய்தி பார்த்துவிட்டு விடிவதற்குள் அம்மாவுக்கும் எனக்கும் மாறி மாறி அறுபது தடவைக்கு மேல் அடித்திருக்கிறாள். ஒன்றும் போகவில்லை. அரசாங்கம் எச்சரிக்கையைக் குறுஞ்செய்தியில்தான் அனுப்புகிறது. அதைப் பெற்றுக்கொள்ள வேண்டிய போன் செங்கலாகக் கிடந்தால் யாருக்கு அனுப்பி என்ன?

தங்கையும் மச்சானும் மாடி ஏறிப் பிழைத்துக்கொண்டார்கள். இரண்டு கறவை மாடும் கட்டுத்தறியிலேயே போய்விட்டன. மச்சான் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச மாட்டார். பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவார்.

செவ்வாய், புதன் வரைக்கும் உங்களில் பலபேர் துபாயிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் அடித்துக்கொண்டே இருந்தீர்கள். “சார் உயிரோட இருக்காரா” என்று ஒரு பையன் கமெண்டில் கேட்டிருந்ததைப் பிறகு படித்தேன். இருந்தேன் தம்பி. பேட்டரிதான் செத்திருந்தது.

அது எப்போது செத்தது என்பதுதான் கேள்வி.

டிசம்பர் கடைசியில் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். 2004-ல் பிளஸ் டூ முடித்தவன். டவர் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறான். பெயர் போட மாட்டேன், அவன் சோற்றில் மண் விழக்கூடாது. காபி கொடுத்துவிட்டு நேராகக் கேட்டேன்.

“என்னப்பா, நம்மூர் டவருக்கு எத்தனை மணி நேரம் பேக்கப்?”

“பேப்பர்ல பன்னெண்டு மணி நேரம் சார்.”

“மூணேகால் மணி நேரத்துல படுத்துடுச்சே?”

“அது போன மே மாசமே போயிருக்கும் சார். நமக்கு இப்பதான் தெரிஞ்சிருக்கு.”

நான் இயற்பியல் வாத்தியார். அவன் சொன்னவுடன் முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஏனென்றால் இதை நானே இருபது தடவை வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் இரண்டு காரீய அமில மின்கலன் இருந்தது ஞாபகம் இருக்கிறதா? ஒன்றை உள்ளே இருட்டறையில் வைத்திருந்தேன். இன்னொன்றுக்கு இடம் இல்லாமல் மேற்கு ஜன்னலோரம் வைத்தோம், மதியத்துக்கு மேல் வெயில் நேராக அடிக்கிற சுவர். இரண்டும் ஒரே கடையில் ஒரே நாள் வாங்கியது. மேற்கு ஜன்னல் பேட்டரி இரண்டரை வருஷத்தில் கல்லானது. இருட்டறைப் பேட்டரி ஆறு வருஷம் ஓடியது. ஹைட்ரோமீட்டரைக் கையில் கொடுத்து உங்களையே பார்க்கச் சொன்னேன். பின் பெஞ்சில் இருந்தவர்கள் ஹைட்ரோமீட்டரில் தண்ணீர் பீய்ச்சி விளையாடினீர்கள்.

டவருக்கு அடியில் இருப்பதும் அதே காரீய அமிலச் சாதிதான். மூடி முத்திரை போட்ட வகை, தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை, ஊற்றவும் முடியாது. ஒவ்வொன்றும் இரண்டு வோல்ட், அப்படி 24 செல்லை வரிசையாகக் கோத்தால் 48 வோல்ட். கரண்டு இருக்கும்வரை சார்ஜரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். கரண்டு போனதும் டவரைத் தாங்கும். நம் நாட்டில் இதன் கணக்கெல்லாம் 27 டிகிரியை வைத்துப் போடுவது. அந்த 27 டிகிரியில் பத்து வருஷம் உழைக்கும் என்று எழுதியிருக்கும் பேட்டரி, அதற்கு மேல் ஒவ்வொரு எட்டு, பத்து டிகிரிக்கும் ஆயுளில் பாதியை இழக்கும். பத்து என்றே வைத்துக்கொள்ளுங்கள். 37 டிகிரியில் ஐந்து வருஷம். 47 டிகிரியில் இரண்டரை வருஷம்.

கெடாரில் 27 டிகிரி எப்போது இருக்கும்? மார்கழி மதியத்தில் இருக்கும். இப்போது, கத்திரி வெயிலில், வெளியே நாற்பது தொடும் நாளில் அந்தத் தகரப் பெட்டிக்குள் கை வைத்துப் பாருங்கள். ஐம்பதுக்குப் பக்கத்தில் நிற்கும். முன்பெல்லாம் டவருக்குப் பக்கத்தில் சின்ன அறை கட்டி உள்ளே ஏசி ஓடும். மின்சாரச் செலவு அதிகம் என்று அதை விட்டுவிட்டுப் பல இடங்களில் வெட்டவெளியில் பெட்டி வைத்தார்கள், இரண்டு ஃபேனோடு. அறுவடைக் காலத்தில் பறக்கும் உமித் தூசி அந்த ஃபேன் ஜாலியை அடைத்துவிடும். நம்மூர்ப் பெட்டியில் குளவி கூடு கட்டியிருந்ததாம். அந்தப் பையன் சொல்லித்தான் தெரியும்.

இதில் இன்னொரு கொடுமை. வெயில் ஏற ஏற இந்தப் பேட்டரிக்குக் கொடுக்கும் சார்ஜ் வோல்டேஜைக் குறைக்க வேண்டும், டிகிரிக்கு ஒரு செல்லுக்கு மூன்று மில்லிவோல்ட் கணக்கில். இருபது டிகிரி ஏறினால் 24 செல்லுக்கும் சேர்த்து ஏறக்குறைய ஒன்றரை வோல்ட். 54-ல் நிற்கும் சார்ஜர் 52.5-க்கு இறங்க வேண்டும். இதைத் தானாகச் செய்ய ஒரு வெப்ப உணரி உண்டு, சுண்டு விரல் அளவு. அதைப் பேட்டரி மேல் ஒட்ட வேண்டும். நம்மூரில் அது ஒயரோடு பெட்டிக்கு வெளியே, நிழலில் தொங்கிக்கொண்டிருந்ததாம். சார்ஜர் என்ன நினைக்கும்? ‘பேட்டரி குளுகுளுவென்று இருக்கிறது’ என்று நினைத்து முழு வோல்டேஜையும் ஏற்றும். ஏற்கெனவே வெந்துகொண்டிருக்கும் பேட்டரிக்குள் இருக்கும் கொஞ்ச நீரும் ஆவியாகும், உள்ளிருக்கும் காரீயத் தட்டு அரித்துப்போகும். ஜுரத்தில் கிடக்கிறவனுக்குக் கம்பளி போர்த்திவிட்ட கதை.

“குருகிராமில் கண்காணிப்பு அறை இருக்கிறது, எல்லா டவரையும் திரையில் பார்க்கிறோம்” என்று மாப்பிள்ளை எழுதினார். பார்க்கிறீர்கள். எதைப் பார்க்கிறீர்கள்? வோல்டேஜை. செத்த பேட்டரியும் சார்ஜரில் மாட்டியிருக்கும்வரை 54 வோல்ட்தான் காட்டும். அது சார்ஜரின் வோல்டேஜ், பேட்டரியுடையது இல்லை.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க ஏரி போதும். மழை முடிந்ததும் பட்டியல் வரும்: இந்த ஏரி நூறு சதவீதம் நிரம்பியது. கடைக்கால் வரைக்கும் தண்ணீர் வந்தால் நூறு சதவீதம். ஆனால் முப்பது வருஷமாகத் தூர் வாராத ஏரியில் அந்த நூறு சதவீதம் எத்தனை ஏக்கருக்குப் பாயும்? மாசியிலேயே வற்றிவிடும். வோல்டேஜ் என்பது நீர்மட்டம். கொள்ளளவு என்பது ஆழம். மட்டத்தைப் பார்த்து ஆழம் தெரியாது. ஆழம் தெரிய வேண்டுமானால் இறங்கிப் பார்க்க வேண்டும். கரண்டை நிறுத்தி, டவரின் முழுச் சுமையையும் பேட்டரி மேல் வைத்து, கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு ராத்திரி உட்கார வேண்டும்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன், பயப்படாதீர்கள். 600 ஆம்பியர் மணி பேட்டரி, டவர் இழுப்பது 40 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சொட்டு வரை உறிஞ்சாமல் எண்பது சதவீதம் எடுத்தால் 480. நாற்பதால் வகுத்தால் பன்னிரண்டு மணி நேரம். இதுதான் அந்தப் பேப்பர் பன்னிரண்டு. அதே பேட்டரி வெயிலில் வெந்து 160-க்குச் சுருங்கியிருந்தால், மிச்சம் மீதி இல்லாமல் உறிஞ்சினாலும் நாலு மணி நேரத்தில் முடிந்தது. என் டைரி என்ன சொல்கிறது என்று மேலே போய் இன்னொரு தடவை பாருங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. 2012-ல் நம் பக்கம் கரண்டு எப்படி இருந்தது என்று ஞாபகம் இருக்கும். ஒரு நாளில் பாதிக்கு மேல் இருக்காது. விசிறி மட்டையோடு பரீட்சைக்குப் படித்தவர்கள் நீங்கள். அன்றைக்கு டவர் பேட்டரி கெட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும், ஊரே சத்தம் போடும், மறுநாள் ஆள் வருவான். இப்போது கரண்டு ஒழுங்காக இருக்கிறது. அதனாலேயே பேட்டரியை எவனும் தொடுவதில்லை. டீசல் ஜெனரேட்டரையும் பல டவர்களிலிருந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். டீசல் விலை, டீசல் திருட்டு, புகை, எல்லாம் நியாயமான காரணம்தான். ஜெனரேட்டர் போன பிறகு பேட்டரி மட்டும்தான் மிச்சம் என்றால் அதை இரண்டு மடங்கு கவனிக்க வேண்டுமா, பாதியாகக் கவனிக்க வேண்டுமா? நான் கேட்பது அவ்வளவுதான்.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. டிசம்பர் 1 ஞாயிறு பகல் முழுக்க லோடு ஆட்டோவில் ஒரு சின்ன ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு சுற்றியிருக்கிறான். “பகல்ல ரோடு இருந்துச்சு சார். எங்க முதல்ல போறதுன்னுதான் தெரியல. விடியறதுக்குள்ள பதினாலு சைட்டு படுத்துடுச்சு. படுத்த சைட்டு அலாரம் அனுப்பாதே.” அதிலும் சில டவர்தான் மற்ற டவர்களுக்குத் தாய் மாதிரி, அதன் வழியாகத்தான் பின்னால் இருக்கும் ஏழெட்டு டவருக்குச் சிக்னல் போகும். தாய் டவர் படுத்தால் பிள்ளை டவரில் பேட்டரி இருந்தும் பயன் இல்லை. பேட்டரி சொன்னபடி விடிகாலை வரை தாங்கியிருந்தால் அந்த ஒற்றை ஜெனரேட்டரை எங்கே கொண்டுபோவது என்று யோசிக்க அவனுக்கு நேரம் கிடைத்திருக்கும். திங்கட்கிழமை அதிகாலை அணை திறந்தபோது தாய் டவராவது உயிரோடு இருந்திருக்கும். என் மருமகளின் அறுபது அழைப்பில் ஒன்றாவது தங்கைக்குப் போயிருக்கும்.

“மாமா, இந்தியா முழுக்க ஒரே தரத்தில்தான் வாங்குகிறோம்” என்றார் மாப்பிள்ளை. அதைத்தான் தவறு என்கிறேன். லடாக்கில் பிரச்சினை வேறு. அங்கே குளிரில் பேட்டரி சாகாது, சோம்பிப்போகும். மைனஸ் இருபதில் காரீய அமிலப் பேட்டரி தன் கொள்ளளவில் பாதிதான் தரும். முழுக்கக் காலியாகிவிட்டால் உள்ளே இருக்கும் அமிலம் தண்ணீராக நீர்த்துப்போய் உறைந்து பெட்டியையே பிளக்கும். இப்போது வருகிற லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் கெட்டுவிடும், முதலில் சூடு கொடுக்க வேண்டும். ஆகவே அங்கே பெரிய பேட்டரி, ஹீட்டர், போர்வை. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பேட்டரி நம்மைவிட நிம்மதியாக நீண்ட நாள் வாழும், ஆனால் 2018-ல் கஜா புயலில் மரம் விழுந்து மலைப் பாதை அடைபட்ட மாதிரி ஆனால் டீசல் மேலே ஏறாது, ஆகவே அதிக மணி நேரம் வேண்டும். ராமேஸ்வரத்தில் உப்புக் காற்று, முனைகள் பச்சை பூத்து அரித்துப்போகும். விழுப்புரம், கடலூர் பக்கம்? இங்கே இரண்டும் உண்டு. கோடையில் வேகும், கார்த்திகையில் மிதக்கும். ஆறு மாசம் பேட்டரியைக் கொல்கிற ஊர், அடுத்த ஆறு மாசத்தில் அதே பேட்டரியை நம்பி உயிர் வைக்கிற ஊர். 2011 டிசம்பரில் தானே, 2024-ல் ஃபெஞ்சல். வந்த தேதிகளைப் பாருங்கள், இரண்டும் வெயில் முடிந்த பிறகுதான் வந்தன. இந்த ஊருக்கும் சிம்லாவுக்கும் ஒரே பராமரிப்பு அட்டவணை என்றால் அதை எழுதியவர் வரைபடத்தைப் பார்க்கவில்லை.

எத்தனை மணி நேரப் பேட்டரி வேண்டும் என்பதை லோடு மட்டும் தீர்மானிக்கக் கூடாது, ரோடு தீர்மானிக்க வேண்டும். ஆள் வந்து சேர எவ்வளவு நேரமாகும்? அரசூரில் தேசிய நெடுஞ்சாலை மேலேயே ஆறு ஓடியது. முண்டியம்பாக்கம் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். சென்னையில் டீசல் கேன் வரும் நேரமும் இங்கே வரும் நேரமும் ஒன்றா?

“உலகத்தில் எங்கேயும் இல்லாத விதியைக் கேட்கிறீர்கள்” என்பது மாப்பிள்ளையின் கடைசி அஸ்திரம். இரண்டு நாள் எடுத்துக்கொண்டு படித்தேன், ஓய்வுபெற்றவனுக்கு வேறென்ன வேலை. ஆஸ்திரேலியாவில் 2019-20 காட்டுத்தீயில் செல்போன் வலைப்பின்னல் விழுந்ததை அவர்கள் ஒழுங்குமுறை ஆணையம் ஆராய்ந்தது. நெருப்பு நேரடியாகப் பொசுக்கியது நூற்றுக்கு ஒன்று. கரண்டு போனதால் படுத்தது 88. அதன் பிறகு அரசாங்கமே பணம் போட்டு நூற்றுக்கணக்கான டவர்களில் குறைந்தது 12 மணி நேரப் பேட்டரி வைத்தது. கலிஃபோர்னியாவில் 2020-ல் தீ அபாயப் பகுதிகளுக்கு 72 மணி நேரம் என்று உத்தரவு. ஜப்பானில் 2011 சுனாமிக்குப் பிறகு பெரிய நிறுவனம் ஒன்று முக்கிய டவர்களை 24 மணி நேரம் தாங்கும்படி மாற்றியது. அமெரிக்காவில் கத்ரீனா புயலுக்குப் பிறகு 2007-ல் டவருக்கு எட்டு மணி நேரம் என்று விதி போட்டார்கள், கம்பெனிகள் வழக்குப் போட்டு இழுத்து அந்த விதி அமலுக்கே வராமல் செத்தது. அதையும் மறைக்காமல் சொல்கிறேன். கம்பெனிகள் எங்கேயும் கம்பெனிகள்தான்.

நம் அரசுக்கு எண் போடத் தெரியாதா? தெரியும். 2012 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை, கிராம டவர்களில் பாதியாவது 2015-க்குள் சூரிய ஒளி மாதிரியான மாற்று மின்சாரமும் சேர்ந்து ஓட வேண்டும் என்று எழுத்தில் எண் போட்டது. டீசல் புகைக்கு எண் போட முடிந்தவர்களால், ஒரு புயல் ராத்திரியில் அந்த டவர் எத்தனை மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும் என்று எண் போட முடியாதா? நம்மூர் டவருக்கு அந்த எண் என்ன என்று நான் கேட்ட இடத்திலெல்லாம் சிரித்தார்கள்.

டிராய் 2024-ல் ஒரு விதி கொண்டுவந்தது, நல்ல விதி. ஒரு மாவட்டத்தில் பெரிய அளவில் சேவை முடங்கி 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால், போஸ்ட்பெய்டுக்காரர்களுக்கு வாடகையில் கழிவு, பிரீபெய்டுக்காரர்களுக்கு நாள் நீட்டிப்பு. 2025 ஏப்ரல் முதல் நடைமுறை. கடைசியில் ஒரு வரி: இயற்கைப் பேரிடரால் வந்த முடக்கம் என்றால் பொருந்தாது. அந்த ஒரு வரிக்குள்தான் மாப்பிள்ளையின் வாதம் முழுக்க ஒளிந்திருக்கிறது. டவர் காற்றில் விழுந்தால் அது பேரிடர், நான் ஒரு பைசா கேட்கமாட்டேன். வெள்ளம் பெட்டியை மூழ்கடித்தாலும் பேரிடர். மே மாசமே செத்துப்போன பேட்டரி டிசம்பர் புயலன்று விடை சொல்ல முடியாமல் நின்றால் அது எப்படி இயற்கை? வருஷம் முழுக்கப் படிக்காமல் இருந்துவிட்டு, பரீட்சையன்று மழை பெய்தது என்று லீவ் லெட்டர் கொடுப்பவனை என் வகுப்பில் என்ன செய்வேன் என்று உங்களுக்குத் தெரியும்.

செலவு என்பார்கள். 2024 ஜூலையில் மூன்று தனியார் கம்பெனிகளும் ஒரே வாரத்தில் ரீசார்ஜ் கட்டணத்தை ஏற்றினார்களே, கூலி வேலைக்குப் போகிற பெண்கூட முணுமுணுத்துக்கொண்டே கட்டினாளே, அந்தப் பணத்தில் குளவிக்கூட்டைத் தட்ட ஒரு துடைப்பம் வாங்க முடியாதா? வெப்ப உணரியைப் பேட்டரி மேல் ஒட்டுவதற்கு ஒரு முழம் டேப். நான் கேட்பதில் பாதி இந்த மாதிரி துடைப்பமும் டேப்பும்தான். மீதி, பேட்டரி மாற்றுவது, செலவுதான், ஒப்புக்கொள்கிறேன். லித்தியத்துக்கு மாறினால் வெயிலைக் கொஞ்சம் நன்றாகவே தாங்கும். ஆனால் அதையும் திருடர்கள் விடுவதில்லை, அதையும் ஐம்பது டிகிரியில் வேகவிட்டால் சீக்கிரம் கிழடாகும். பேட்டரியை மாற்றிவிட்டுப் பெட்டியை மாற்றாமல் விட்டால் மறுபடியும் மேற்கு ஜன்னல்தான்.

வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இன்வர்ட்டர் பேட்டரியை மொட்டைமாடித் தகரக் கொட்டகைக்குள் வைத்திருக்கும் என் மைத்துனர் உட்பட எல்லோரும் இன்றைக்கே அதைக் கீழே இறக்குங்கள். கம்பெனிக்காரனைத் திட்டுவதற்கு முன்னால் நம் வீட்டைப் பார்ப்போம்.

செய்யப்போவதைச் சொல்கிறேன். வருஷா வருஷம் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் கலெக்டர் ஆபீசில் முன்னேற்பாட்டுக் கூட்டம் நடக்கிறது. மணல் மூட்டை எத்தனை, மரம் அறுக்கும் இயந்திரம் எத்தனை, படகு எத்தனை என்று கணக்கு எடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் டவர் பேட்டரியும் வர வேண்டும். செப்டம்பர் மாசத்துக்குள் மாவட்டத்தில் இருக்கும் ஒவ்வொரு டவரிலும் கரண்டை நிறுத்தி முழுச் சுமையில் சோதித்து, எத்தனை மணி நேரம் தாங்கியது, என்று சோதித்தார்கள் என்பதை அந்த வேலியிலேயே ஒரு பலகையில் எழுதி மாட்ட வேண்டும். குடிநீர்த் தொட்டியில் ‘சுத்தம் செய்த நாள்’ எழுதுகிற மாதிரி. தாய் டவர்களில் மட்டுமாவது ஜெனரேட்டர் திரும்ப வர வேண்டும். பேட்டரி செத்துப் படுத்த டவரைப் பேரிடர்க் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று டிராய்க்கும் தனியாக ஒரு கடிதம் போகிறது.

இதற்கான மனு தயார். வரும் திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப்போகிறேன். கையெழுத்துத் தாள் எங்கள் தெருமுனை ஜெராக்ஸ் கடையில் சனிக்கிழமை இரவு வரை இருக்கும். பெயரோடு பேட்ச் வருஷத்தையும், போன கார்த்திகையில் உங்கள் ஊரில் கரண்டு எப்போது போனது, சிக்னல் எப்போது போனது என்பதையும் ஞாபகம் இருக்கும் அளவுக்கு எழுதுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் கமெண்டில் போடுங்கள், நானே தாளில் ஏற்றிக்கொள்கிறேன். டவர் வேலையில் இருக்கும் பிள்ளைகள் கமெண்டில் எழுத வேண்டாம், என் எண்ணுக்குத் தனியாக அனுப்புங்கள். மச்சான் கையெழுத்து முதல் வரிசையில் இருக்கிறது, பக்கத்தில் ‘மாடு 2’ என்று அவரே எழுதியிருக்கிறார்.

மாப்ளே, தீபாவளிக்கு ஊருக்கு வருவீர்கள்தானே. வரும்போது அந்த வெப்ப உணரி இப்போது எங்கே தொங்குகிறது என்று உங்கள் திரையில் பார்த்துவிட்டு வாருங்கள்.